எஸ்யு-100 மலிவு டாங்கியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இரண்டாம் உலகப்போர் ஆயுதங்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் டாங்கிகளை அழிக்க சோவியத் செய்த எஸ்யு-100 பீரங்கி வண்டியை, சுழல் கோபுரம் வைக்க வசதியில்லாமல் செய்த மலிவு டாங்கி என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்க வேண்டாம்.

கோபுரம் இல்லாததால் செலவு குறைந்தது உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம் பீரங்கி. 1943 ஆகஸ்டில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்து உரால்மாஷ் ஆலையில், எஸ்யு-100க்கு முன்னோடியான 85 மி.மீ. பீரங்கி வண்டி எஸ்யு-85இன் உற்பத்தி தொடங்கியபோது, சோவியத்தின் சாதாரண டாங்கியான டி-34இல் இருந்தது 76 மி.மீ. பீரங்கி. ஜெர்மானியரின் டைகர் டாங்கியின் முன் அது எடுபடவில்லை. 1944 தொடக்கத்தில் டி-34க்கே பெரிய கோபுரமும் 85 மி.மீ. பீரங்கியும் வந்துவிட்டன. அப்புறம் எஸ்யு-85க்கு என்ன வேலை? வண்டி வடிவமைப்பாளர் கோர்லித்ஸ்கி தலைமையிலான குழு, பீரங்கி வடிவமைப்பாளர் பெத்ரோவின் 100 மி.மீ. டி-10எஸ் பீரங்கியை அதே டி-34 அடிச்சட்டத்தில் ஏற்றியது. முன்கவசத்தை 45 மி.மீ.யிலிருந்து 75 ஆக்கினார்கள். இதே அளவுப் பீரங்கியை டி-34 கோபுரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். சுடும்போது வந்த உதைப்பை வண்டி தாங்கவில்லை. ஆக, வசதியில்லாமல் கோபுரத்தை விட்டார்கள் என்பது பாதிக் கதைதான்.

கட்டுரையாளர் தொடாத சங்கதி ஒன்று உண்டு. 1944 செப்டம்பரில் எஸ்யு-100 ஆலையை விட்டு வெளியே வரத் தொடங்கியபோது, அதற்கான கவசம் துளைக்கும் குண்டு தயாராகவில்லை! வண்டி இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, சுட வேண்டிய குண்டு இல்லை. அதனால் புதிய உடலில் பழைய 85 மி.மீ. பீரங்கியையே பொருத்தி, எஸ்யு-85எம் என்ற பெயரில் 315 வண்டிகளைக் கட்டி அனுப்பினார்கள். போர்க்காலத்து அவசரம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஹங்கேரியில் 1945 ஜனவரியில் எஸ்யு-100 களம் கண்டது. மார்ச்சில் பலாட்டன் ஏரிப் பக்கம் ஜெர்மானியர் நடத்திய கடைசிப் பெரும் தாக்குதலை, டோல்புகின் தலைமையிலான சோவியத் படைத்தொகுதியான 3ஆம் உக்ரேனிய முனை தடுத்ததில் இந்த வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குறைகளும் இருந்தன. பீரங்கியின் கனம் முன் சக்கரங்களை அழுத்தியது. குண்டுகள் 33தான். பக்கவாட்டில் பீரங்கி கொஞ்சம்தான் திரும்பும். எதிரி விலாவில் வந்தால் முழு வண்டியையும் திருப்பியாக வேண்டும். இயந்திரத் துப்பாக்கியே கிடையாது. காலாட்படை நெருங்கினால் உள்ளே இருக்கும் நால்வருக்கும் கையில் உள்ள சிறு துப்பாக்கிகளும் எறிகுண்டுகளும்தான் துணை. இதைக் கட்டுரையாளர் குறை சொல்லியிருந்தால் நானும் ஆமோதித்திருப்பேன்.

மலிவுச் சரக்கு என்றால் இத்தனை காலம் ஓடியிருக்குமா? 1956 சூயஸ் போரில் எகிப்திடமும், 1961இல் பன்றி விரிகுடாப் படையெடுப்பை எதிர்த்த கியூபாவிடமும் இதே வண்டிகள் இருந்தன.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம் எஸ்யு-100 அல்ல, எஸ்யு-85. எஸ்யு-100இன் வலப்பக்கச் சுவரில் வண்டித் தளபதி வெளியே பார்ப்பதற்கான சிறு கூண்டுக்காக ஒரு புடைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அது இல்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், துறையூர்