கேப்சூல் வாங்கும் முன்

அன்புள்ள ரவிக்கு,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எடை தொண்ணூறைத் தாண்டிவிட்டது, சுகரும் ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது.

யாரோ சொன்ன ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலை இப்போதைக்கு வாங்காதே.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, ஹார்மோன் சுரக்கும் திசு. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தபோதுதான் இது உறைத்தது. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. பருமனானவர்களுக்கு அது ஏராளமாகவே இருக்கிறது, மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொழுப்புத் திசுவே சுரக்கும் இன்னொரு ஹார்மோன், இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிபோனெக்டினோ குறைந்துவிடுகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் குறையலாம். உன் அசதிக்கு அதுவும் காரணமா என்று டாக்டரிடம் கேள், காலையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம், ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் வீரியமான மூலக்கூறுகள் அளவு மீறி உடலின் கொழுப்பையும் செல்களையும் சிதைப்பதுதான் அது. அதைத் தடுக்கத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்கள். லேபில் சீரத்தோடு, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியோடு, தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைப்போம், இளஞ்சிவப்பாக மாறும். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறதோ அவ்வளவு அழுத்தமான நிறம். பருமனும் சுகரும் சேர்ந்தவர்களின் சோதனைக் குழாய் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். மிதமிஞ்சிய சர்க்கரையும் வீங்கிய கொழுப்பு செல்களும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதனால் அடிபோனெக்டின் இன்னும் குறைகிறது.

அப்படியானால் மாத்திரை போட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். சர்க்கரை நோயாளிகள் பலர் இருந்த ஹோப் ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ நாலரை வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. 2009-இல் ஜெர்மனியில் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் சிலருக்கு வைட்டமின் சி, ஈ கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்குத்தான் இன்சுலின் நன்றாக வேலை செய்தது!

கொழுப்பு குறைந்தால்தான் இதெல்லாம் ஊற்றுக்கண்ணிலேயே அடங்கும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சுகர் கட்டுப்பட்ட நிலைக்கு வந்தார்கள். எல்லோருமே நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். உனக்கு மூன்றுதானே ஆகிறது! ஆனால் சுகர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரைக் கேட்டுச் செய்.

இந்த வாரமே இடுப்பை அளந்து எழுது. நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்