ஆனி ஜிரார்தோ: ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், ‘மார்க்கெட்’ இழந்த உலக நடிகைகள் பற்றிய கட்டுரையில், பிரெஞ்சு நடிகை ஆனி ஜிரார்தோவுக்கு நான்கே வரிகளை ஒதுக்கியிருந்தீர்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் திரையுலகம் அவரைக் கைவிட்டது, பிறகு சின்னத்திரைக்கு இறங்கினார், கடைசியில் மறதி நோயில் பரிதாபமாக முடிந்தார் என்பதே அவ்வரிகளின் சாரம். புதுச்சேரியில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையத்தின் திரையிடல்களில் அவர் படங்களைப் பார்க்கத் தொடங்கி, ஓய்வுபெற்றுத் தர்மபுரிக்குத் திரும்பிய பின்னும் அவற்றைத் தேடிப் பார்த்துவருகிற எனக்கு, அந்த நான்கு வரிகளை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

1931-இல் பாரிஸில் பிறந்த ஜிரார்தோவின் தாயார் மகப்பேறு செவிலி. மகளும் செவிலியர் படிப்பில்தான் முதலில் சேர்ந்தார். அதை விட்டுவிட்டு நாடகப் பள்ளிக்குப் போய், 1954-இல் பிரான்ஸின் புகழ்பெற்ற கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவில் இடம்பிடித்தார். கவிஞர் ழான் கொக்தோ அவருடைய நடிப்பை வியந்து பாராட்டினார். அவ்வளவு பெரிய குழுவில் கிடைத்த இடத்தை மூன்றே ஆண்டுகளில் உதறிவிட்டுத் திரைப்படத்துக்கு வந்தவர், 1960-இல் இத்தாலிய இயக்குநர் லுக்கினோ விஸ்கோன்தியின் ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ படத்தில் நாதியா என்ற பாலியல் தொழிலாளியாக நடித்து ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டார். 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசும் கிடைத்தது.

ஆனாலும் பிரெஞ்சு மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கொண்டாடியது அதற்குப் பிறகுதான், அதாவது உங்கள் கட்டுரையாளர் அவரைத் திரையிலிருந்து அனுப்பிவைக்கிற அந்த நாற்பதை ஒட்டிய வயதில்தான். 1971-இல் வெளிவந்த ‘மூரிர் தெமே’ படத்தில், தன் மாணவனைக் காதலித்ததற்காகச் சிறை சென்று உயிரை மாய்த்துக்கொண்ட ஆசிரியை ஒருவரின் உண்மைக் கதையில் அவர் நடித்தபோது வயது 39. படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1976-இல் ‘டாக்டர் ஃபிரான்சுவாஸ் கயான்’ படத்தில், மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிற, தன் நுரையீரலிலேயே புற்றுநோய் இருப்பதைக் கண்டறிகிற மருத்துவராக நடித்து, மறு ஆண்டு, பிரெஞ்சுத் திரையுலகின் உயரிய விருதான சேசாரைச் சிறந்த நடிகைக்கான பிரிவில் பெற்றார். மருத்துவமனை வார்டுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவள் சொல்கிறேன்: தான் வழக்கமாகப் பிறருக்குச் சொல்லும் செய்தியைத் தனக்கே சொல்லக் கேட்கும் ஒரு மருத்துவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்தில் காணலாம். அழுகை இல்லை, பின்னணி இசையின் உதவியும் அதிகம் தேவைப்படவில்லை. 1977-இல் ‘தாந்த்ர் பூலே’ என்ற நகைச்சுவைப் படத்தில் காவல்துறை அதிகாரியாக வந்தார். பிரெஞ்சுக் காவல்துறையில் பெண்கள் அந்தப் பதவிக்கு வரத் தொடங்கியே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஆசிரியை, மருத்துவர், காவல் அதிகாரி என்று சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களையே அவர் தொடர்ந்து திரைக்குக் கொண்டுவந்தார். அலங்காரப் பதுமையாக நிற்கும் நாயகிக்குத்தான் நாற்பது வயது ஒரு சுவர்; இத்தகைய வேடங்களுக்கு அந்த வயதே முதலீடு. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தைப் பிடித்து ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் எங்கள் பகுதிப் பெண்களுக்கு இன்றைக்கும் நம் திரையில் இப்படி ஒரு நடிகை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

எண்பதுகளில் அவருக்குச் சரிவு வந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் காரணம் வயது மட்டுமல்ல. 1982-இல் பாரிஸில் அவர் அரங்கேற்றிய இசைக் காட்சி தோல்வியடைந்து பெரும் பண இழப்பை உண்டாக்கியது. படங்கள் குறைந்த அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சியே அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது. இதை ‘இறங்கினார்’ என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் எழுதுவது சற்று வேடிக்கைதான். 1999-இல் ‘சித்தி’ தொடருக்கு ராதிகா வந்தபோதும், 2003-இல் ‘கோலங்கள்’ தொடருக்கு தேவயானி வந்தபோதும், அவர்களுடைய படங்களையே பார்த்திராத வீடுகளில்கூட அவர்கள் பெயர் புழங்கியது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஜிரார்தோ திரும்பி வந்த கதையோ உங்கள் கட்டுரையில் அடியோடு இல்லை. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த விக்தோர் யூகோவின் நாவலை இருபதாம் நூற்றாண்டுக்கு மாற்றி க்ளோத் லெலூஷ் எடுத்த படத்துக்காக, 1996-இல், தம் 64-ஆம் வயதில் சிறந்த துணை நடிகைக்கான சேசார் விருதைப் பெற்றார். அன்று மேடையில் கண்ணீரோடு அவர் சொன்னது இது: பிரெஞ்சு சினிமா என் இல்லாமையை உணர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் அதன் இல்லாமையைப் பித்துப்பிடித்தாற்போல, வலியோடு உணர்ந்தேன், உங்கள் அன்பைப் பார்த்தால் ஒருவேளை நான் இன்னும் முழுதாகச் சாகவில்லையோ என்று தோன்றுகிறது. 2002-இல், எழுபது வயதில், மிக்கேல் ஹனெகேயின் ‘பியானோ ஆசிரியை’ படத்தில் மகளை மூச்சுமுட்டக் கண்காணிக்கும் தாயாக நடித்ததற்கு அதே விருது மீண்டும் வந்தது.

மறதி நோய் பற்றி ஒரு செவிலியாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. வசனங்கள் நினைவில் நிற்காதபோது காதில் சிறு ஒலிக்கருவி வைத்து, பிறர் சொல்லச் சொல்லக் கேட்டு நடித்தவர் அவர். 2006-இல் அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது வெளியே தெரிந்தது. 2008-இல் நோயோடு அவர் வாழ்வதைக் காட்டும் ஆவணப்படம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2011 பிப்ரவரி 28 அன்று காலமானார். வீட்டுப் பெரியவருக்கு இந்த நோய் என்று சொல்லவே கூசி, அறைக் கதவைச் சாத்திவைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் உங்கள் வாசகர்களே.

ஆகவே அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1977, 1996, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளின் சேசார் விருதுகளையும் அவை எந்தெந்த வேடங்களுக்குக் கிடைத்தன என்பதையும் அதில் குறிப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தர்மபுரி.