பித்தளை வாத்தியங்களும் 'உலக இசை' என்ற ஒற்றைப் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாட்டுக் கலைஞர்கள் ஒன்றுகூடி நடத்தும் பிராஸ் பேண்ட் (பித்தளை வாத்தியக் குழு) ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இத்தகைய குழுக்களுக்கு நாளிதழ்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், கலைஞர்களின் உடையையும் மேடையில் இருந்த உற்சாகத்தையும் விரிவாக வருணித்த கட்டுரையாளர், அவர்கள் வாசித்தவை எந்தெந்த மண்ணின் இசை என்பதை ஓரிடத்திலும் குறிப்பிடாமல், அனைத்தையும் 'உலக இசை' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டார். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

'உலக இசை' என்று தனியாக ஓர் இசைவகை கிடையாது. 1987ஆம் ஆண்டு லண்டனில் இசைத்தட்டு நிறுவனங்களைச் சேர்ந்த சிலர் கூடிப் பேசி, எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்களுக்குத் தெரியாதிருந்த தட்டுகளை விற்பதற்காக ஏற்றுக்கொண்ட பெயர் அது. கடையில் தட்டைத் தேடியவருக்கு அது உதவியிருக்கலாம். மேடையில் ஒலிப்பது என்ன என்று அறிய விரும்புகிறவருக்கு அதனால் எதுவும் விளங்குவதில்லை.

பித்தளை வாத்தியங்களின் வரலாறு இந்தப் பெயருக்குள் அடங்குவதன்று. 1818ஆம் ஆண்டு ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானியக் கலைஞர்கள், வாத்தியக் குழாயில் காற்று செல்லும் பாதையை மாற்றும் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை சில சுரங்களை மட்டுமே எழுப்ப முடிந்த டிரம்பெட் என்ற எக்காளம், அதற்குப் பிறகுதான் எல்லாச் சுரங்களையும் தடையின்றி வாசிக்கும் வாத்தியமாயிற்று. படைகளோடு அது கடல் கடந்து சென்றது. ஆனால் சென்ற இடங்களிலெல்லாம் படைக்காரர்களின் அணிவகுப்பு இசையாகவே அது நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்று கானா எனப்படும் கடற்கரையில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த படைவீரர்களின் வாசிப்பைக் கேட்ட உள்ளூர்க் கலைஞர்கள் 'அடாஹா' என்ற தங்களுக்கே உரிய பேண்ட் இசையை உருவாக்கினார்கள். செர்பியாவின் குச்சா என்ற சிற்றூரில் 1961 முதல் டிரம்பெட்டுக்கென்றே ஒரு விழா நடந்துவருகிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறுதி ஊர்வலத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் ஒரே பிராஸ் பேண்டுகளே வாசிக்கின்றன.

இவற்றை ஒரே குழு வாசிக்க முனையும்போது நேரும் பாடு எத்தகையது என்பதை அப்படியொரு குழுவின் ஒத்திகையில் கண்டேன். அன்று எடுத்துக்கொண்டது 'சோச்செக்' என்ற, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி நடன மெட்டு. தக, தக, தக, தகிட என்று ஒன்பது எண்ணிக்கை கொண்டது. ஜாஸ் பயின்ற இளம் டிரம்பெட் கலைஞர் கடைசித் 'தகிட'வில் ஒன்றை விழுங்கி, ஒவ்வொரு முறையும் எட்டிலேயே சுற்றை முடித்துக்கொண்டிருந்தார். பெரிய டிரம் வாசித்த மூத்த பெண்மணி அவரை வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லி, தம்மோடு எழுந்து நின்று அந்த நடனத்தை ஆடச் செய்தார். அரைமணி நேரம் இருவரும் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். பிறகு அவர் டிரம்பெட்டில் தேங்கிய நீரை வடித்துவிட்டு வாசித்தபோது, விட்டுப்போன அந்த ஒன்பதாவது எண்ணிக்கை தானாக வந்து விழுந்தது. சற்று நேரத்தில் பாடம் திசைமாறியது. நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல நடையில் பெரிய டிரம்மின் அழுத்தம் இரண்டாம் சுற்றின் நான்காவது அடியில் விழவேண்டும் என்பதை அந்த அம்மையாருக்கு அதே இளைஞர் கைதட்டிக் கற்றுக்கொடுத்தார்.

கலப்பிசை என்று நான் மதிப்பது இதைத்தான். ஒரு நாட்டு மெட்டை எடுத்து வேறொரு தாளத்தின் மேல் ஒட்டிவிடுவது எளிது. அதைக் கேட்டவுடனே காது கண்டுபிடித்துவிடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் கான்பே பிராஸ் பேண்ட், அந்நாட்டின் வோடூன் சமயத் தாளங்களை ஜாஸோடு இணைப்பதும், 2008இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய ரெட் பராத் குழு, பஞ்சாபின் பாங்க்ரா இசைக்குரிய டோல் என்ற மேளத்தைச் சூசஃபோன் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தோடு சேர்ப்பதும் மனத்தில் நிற்பதற்குக் காரணம், அவற்றில் தாளத்தின் பிடி தளர்வதில்லை என்பதே.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது, வாசிக்கப்பட்ட மெட்டின் பெயரையும், அது எந்த மக்களுடையது என்பதையும், அதைத் தாங்கிய தாளத்தையும், அந்தத் தாளத்தை வாசித்தவரின் பெயரையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்களிடம் கேட்டால், அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்