வருஷத்துக்கு மூவாயிரம்

மதுரை

அன்புள்ள செல்வம்,

நாம் படித்த பள்ளிக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி விஷயம் எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் உனக்குத் தனியாக எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. ஒரு கண்தான், இன்னொன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் பார்த்தது ஹால் மூலையில் இருந்த ஒட்டடையை. அன்றிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு கொஞ்சம் குறைவு. சின்னவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறாள். உன் தோள்வலி எப்படி இருக்கிறது?

சரி, பள்ளி விஷயம். நாம் படிப்பை முடித்து வெளியே வந்து 30 வருஷம் ஆவதை ஒட்டி ஐந்து லட்சம் திரட்டி மேடை கட்டுவோம், கல்வெட்டில் எல்லார் பெயரும் போடுவோம் என்கிறாய். மேடை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரருக்குக் கொடுக்கிற வாடகை மிச்சமாகும். ஆனால் பள்ளிக்கு இப்போது இருக்கிற கஷ்டம் மேடை இல்லாத கஷ்டம் இல்லை. நமக்கு முந்தைய செட் ஒன்று குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்கிக் கொடுத்ததே, ஞாபகமிருக்கிறதா? ஃபில்டர் மாற்றப் பணம் ஒதுக்க ஆளில்லாமல் அது ஓய்ந்து கிடக்கிறது. கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நான் சொல்வது இதுதான். நாற்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு வருஷம் 3,000 ரூபாய், விடாமல். மொத்தம் 1,20,000. இந்தத் தொகை வட்டியாக வர வேண்டுமென்றால், ஏழு சதவீதம் என்று வைத்தாலும் 17 லட்சத்துக்கு மேல் டெபாசிட் போட வேண்டும். அவ்வளவு பணத்தை நம்மால் ஒரே மூச்சில் திரட்ட முடியாது. மூவாயிரம் எல்லாராலும் முடியும். இடையில் நாலு பேர் நின்றுவிட்டாலும் பெரிதாகக் குறையாது. ஒரே ஆள் மொத்தத்தையும் கொடுத்துக்கொண்டிருந்து, அவர் தொழில் படுத்துவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

தனியார் பள்ளிதானே, ஃபீஸை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று குரூப்பில் ஒருவன் கேட்டிருந்தான். நினைத்தபடி ஏற்ற முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் உள்ள குழுதான் கட்டணத்தை நிர்ணயிக்கும். நிர்ணயித்துவிட்டால் மூன்று கல்வியாண்டுக்கு அதுதான். வேறு வேறு பெயரில் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நம் பள்ளி அதைச் செய்வதில்லை, அதனால்தான் கையைக் கடிக்கிறது. சம்பளமும் கரண்ட் பில்லும் வேன் இன்சூரன்சும் மூன்று வருஷம் பொறுத்திருந்தா ஏறும்?

அரவிந்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தபோதும் இதே யோசனைதான். 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. காசு கட்டுகிறவர்களிடம் வருவதை வைத்தே கட்ட முடியாதவர்களுக்கும் பார்க்கிறார்கள், நன்கொடையை நம்பி ஓடவில்லை. பள்ளியை ஏன் அப்படி நடத்தக் கூடாது என்று எனக்கே தோன்றியது. அங்கே அறைக்கு ஒரு விலை, லென்சுக்கு ஒரு விலை. வசதிப்பட்டவர் கூடுதலாகக் கொடுத்து நல்ல அறை கேட்கலாம். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சு, ஒரே கட்டணம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அப்படியென்றால் கட்ட முடியாத பிள்ளையின் பங்கு வெளியிலிருந்துதானே வர வேண்டும்?

கட்டாய இலவசக் கல்விச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்கிற பிள்ளைகளுக்கு அரசு பணம் தருகிறது, உண்மைதான். அது எப்போது கைக்கு வரும் என்பதுதான் கேள்வி. 2025இல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இருந்த நிதித் தகராறில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

பிரின்சிபால் மேடம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று போய்விட்டார். அம்மா முதல் டேர்ம் ஃபீஸ் கட்டியதோடு சரி. ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்புதான். ஆனால் டி.சி. கொடுத்து அனுப்புவதா அந்தப் பையனுக்குச் செய்கிற உதவி? இங்கேயே பத்தாம் வகுப்பை முடிக்க வைக்க வேண்டும் என்கிறார்கள் மேடம். வருஷா வருஷம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால் இப்படி நாலைந்து பேருக்குத் துணிந்து 'இரு, படி' என்று சொல்லலாம். வருமோ வராதோ என்கிற பணத்தை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பி.டி. மாஸ்டரைக்கூட அதை நம்பி வேலைக்கு வைக்க முடியாது, அடுத்த ஜூனில் அவருக்குச் சம்பளம் யார் தருவது?

உன் அம்மா ஊர் விருதுநகர்தானே, க்ஷத்திரிய வித்யாசாலாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காமராஜர் படித்த பள்ளி. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, கடைக்கு இவ்வளவு மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கு வியாபாரிகள் ஒதுக்குகிற பங்கு, என்று சேர்த்து நடத்திய பள்ளி. பெயரைக் கல்லில் வெட்டுவார்கள் என்றா அந்த வீடுகள் கொடுத்தன? உனக்குக் கல்வெட்டில் கொஞ்சம் ஆசை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதே. பெயர்தான் வேண்டுமென்றால் கெட்-டுகெதர் அன்றைக்கு வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிடலாம், மதுரையில் அதற்கா பஞ்சம்?

பணம் போகிற வழியையும் பேசிவிடுவோம். எவனுடைய ஜிபேக்கும் போகக் கூடாது, நேரே பள்ளியை நடத்துகிற டிரஸ்ட் கணக்குக்கு. டிரஸ்டுக்கு 80ஜி, அதாவது கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தருகிற பதிவு, இருக்கிறது, ஆனால் பழைய வரிமுறையில் இருக்கிறவர்களுக்குத்தான் அது பயன்படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கழிவு கிடையாது. துபாயில் இருக்கிற நம்மாள் இந்தியப் பாஸ்போர்ட்காரன். தன் சம்பளத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. மெல்பர்ன்காரன் குடியுரிமை மாற்றிக்கொண்டவன். வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவும், டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். நம் டிரஸ்டுக்கு இரண்டும் இல்லை. தம்பி கணக்கு வழியாகப் போடுகிறேன் என்கிறான். வேண்டாமென்று நீயே சொல்லிவிடு, நீ சொன்னால்தான் கேட்பான். ஊருக்கு வரும்போது நமக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கட்டும், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

ஒரு நிபந்தனை மட்டும் நாம் வைக்கலாம். ஒவ்வொரு ஜூனிலும் போன வருஷப் பணம் எதற்குப் போனது என்று ஒரு பக்கக் கணக்கு வர வேண்டும். பிள்ளைகள் பெயர் வேண்டாம், எத்தனை பேர், எவ்வளவு என்றிருந்தால் போதும். கணக்கு வராத வருஷம் நாமும் கொடுக்க வேண்டாம். மேடத்திடம் இதைச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை, நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

மேடைக்கென்று நீ ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற தொகையை என்ன செய்வது என்று கொடுத்தவர்களிடமே கேட்டுவிடு. சம்மதித்தால் முதல் வருஷக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ரசீதுக்கு உன் பான் எண்ணும் முகவரியும் எனக்குத் தனியாக அனுப்பு. குரூப்பில் போட்டுத் தொலைக்காதே.

அன்புடன்,
பாண்டி