அந்தக் கேள்வி மைக்கை எடுத்துவிடாதீர்கள்

அறிவியல் புனைவு மாநாட்டின் நிகழ்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் உங்கள் மாநாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் நானும் ஒருவன். மாமியார், மனைவி, பிள்ளைகள் என்று எல்லோரும் கிளம்பி வருவது நடிகர்கள் பேசும் பேனல்களுக்காகத்தான். கடைகள், வேஷப் போட்டி, காசு கட்டிப் படம் எடுத்துக்கொள்வது எல்லாம் அப்புறம். சென்ற ஆண்டு பெரிய அரங்கில், பார்வையாளர்கள் வரிசையில் வந்து கேள்வி கேட்கும் மைக்கை எடுத்துவிட்டீர்கள். கேள்விகளை ஆப்பில் அனுப்பச் சொன்னீர்கள். அதிக வாக்கு விழுந்தவற்றை மட்டும் நெறியாளர் வாசித்தார். இந்த ஆண்டு எல்லா அரங்குகளிலும் இதே ஏற்பாடுதான் என்று உங்கள் தன்னார்வலர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

மைக்கை எடுத்ததற்கு உங்களிடம் காரணம் இருக்கிறது, தெரியும். கேள்வி கேட்க வந்துவிட்டுச் சொற்பொழிவு ஆற்றுகிறவர்கள் உண்டு. கட்டிப்பிடிக்கலாமா என்று கேட்டு நடிகரைச் சங்கடப்படுத்துகிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரப் பேனலில் பத்து நிமிடம் இப்படிப் போனால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

ஆனால் வாக்கெடுப்பில் மேலே வருவது எது? அடுத்த சீசன் எப்போது, கூட நடித்தவர்களில் யாரை ரொம்பப் பிடிக்கும். இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் ஊர் ஊராகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டார்கள். சென்ற ஆண்டு மேடையில் இருந்தவரின் முகத்திலேயே அது தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு இதே அரங்கில் என் இளைய மகள் மைக் முன்னால் நின்றாள். வேற்றுக்கிரகவாசியாக நடித்த ஒருவரிடம், "அந்த முகத்துக்குள்ள மூக்கு அரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை மேடை விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். விடியும் முன்பே ஒப்பனை நாற்காலியில் உட்கார வேண்டும். நுரை ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி முகத்தில் ஒட்டுவார்கள். மதியம் ஸ்ட்ரா வைத்துச் சாறு குடிப்பதோடு சரி. அரிப்பெடுத்தால் பென்சிலின் பின்பக்கத்தால் வெளியிலிருந்து அழுத்திக்கொள்வார். அப்புறம், தனக்கு ஒப்பனை போட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தக் கதாபாத்திரத்தில் பாதி அவருடையது என்றார். மொத்த அரங்கும் எழுந்து கைதட்டியது, அங்கே இல்லாத அந்தப் பெண்ணுக்காக. இந்தக் கேள்வியை ஆப்பில் போட்டிருந்தால் யார் வாக்களித்திருப்பார்கள்?

என் மாமியார் 1980களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்தவர். மேடையில் பேசும் ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் பிடிபடும். ஆனாலும் ஒருமுறை மைக்குக்குப் போனார். அவர் தமிழில் கேட்க, பக்கத்தில் நின்ற பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். பதிலையும் அவளே பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஆப்பில் இதற்கு இடமே இல்லை.

இந்தக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்பதை எண்ணிப் பாருங்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களே ஒரு மாநாட்டை நடத்தினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் எழுத்தாளர் ஐசக் அசிமோவும் வந்திருந்தார்கள். 1975இல் சிகாகோவில் நடந்த மாநாட்டில், அந்தத் தொடரில் உஹுரா என்ற பாத்திரத்தில் நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ், நாசா விஞ்ஞானி யெஸ்கோ ஃபொன் புட்காமர் பேசியதைக் கேட்டார். விண்வெளித் திட்டத்தில் தன்னைப் போன்றவர்கள் எங்கே என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. 1977இல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு தேர்வான 35 பேரில் பின்னாளில் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைடு உட்பட ஆறு பெண்கள் இருந்தார்கள். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பின அமெரிக்கரான கய்யன் புளூஃபோர்டு உட்பட மூன்று கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். நட்சத்திரமாக வந்தவரே கேட்பவராக உட்கார்ந்ததில் தொடங்கிய விஷயம் இது. எந்த நாற்காலியில் யாருக்கு எந்தக் கேள்வி எழும் என்று முன்கூட்டி யாராலும் வாக்கெடுத்துச் சொல்லிவிட முடியாது.

மைக்கைத் திரும்ப வைத்தால் மட்டும் போதாது; பிள்ளைகள் அரங்குக்குள் வர முடிய வேண்டும். நீங்கள் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து பேனல்களை வைக்கிறீர்கள், நடுவில் அரங்கைக் காலி செய்வதில்லை. மாலை வரும் பெரிய நடிகருக்காகக் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை அப்படிக் கட்டிப்போட முடியாது. எழுபது வயதுக்காரருக்கும் முடியாது, கழிவறைக்குப் போக வேண்டாமா? அமெரிக்காவில் சான் டியாகோ காமிக்-கான் மாநாட்டில் ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஹால் ஹெச் என்ற அரங்கிலும் இதே வழக்கம்தான். அங்கே ராத்திரியெல்லாம் வெளியே படுத்துக் காத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு அதை யார் செய்வார்கள்? அட்லாண்டாவில் 1987 முதல் நடந்துவரும் டிராகன் கான் என்ற ரசிகர் மாநாட்டில் பேனல் ஒரு மணி நேரம், அப்புறம் அரை மணி இடைவெளி. அந்த அரை மணியை நீங்களும் கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேனல் குறையலாம், குறையட்டும்.

உள்ளே அனுப்பும்போது ஒற்றை இருக்கைகளை நிரப்புவதற்காகக் குடும்பத்தைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். திரையில் எழுத்துகள் ஓடினால் மாமியார் போன்றவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் பெரிய உதவி. காசு கட்டிப் படம் எடுக்கும் நேரத்தை அதே நடிகரின் பேனலுக்குப் பத்து நிமிடம் முன்பு வைப்பதையும் நிறுத்துங்கள்.

மைக்கைப் பொறுத்தவரை நான் கேட்பது இதுதான். கேள்வி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அவர்களோடு வரும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒதுக்குங்கள். வரிசையில் ஒரு தன்னார்வலரை நிறுத்திக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சொற்பொழிவும் கட்டிப்பிடி வேண்டுதலும் அங்கேயே நின்றுவிடும். மிச்ச நேரத்துக்கு ஆப் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

ஆள் போதாது என்பீர்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்த வரிசையில் நிற்க நானும் என் மனைவியும் தயார். இன்னும் சில பெற்றோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யும் முன் பதில் எழுதுங்கள், பயிற்சிக்கு எப்போது வர வேண்டும் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
பிள்ளைகளோடு வரும் ஒரு தகப்பன்