பத்தமடைக்குப் பக்கத்து ஊர்க்காரன் யோகம் கற்ற இடம்

மாண்ட்ரியல்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் முதுகுவலி இப்போது தேவலையா? அதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், யாரும் எதிர்பாராதபடி, நான் இரண்டு வாரம் தங்கி யோகாசனம் கற்றுத் திரும்பியிருக்கிறேன்.

மாண்ட்ரியலுக்கு வடக்கே லாரன்ஷியன் மலைப்பகுதியில் வால் மொரின் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இருப்பது சிவானந்த ஆசிரமம். ஆம், நம் பத்தமடையில் 1887-இல் குப்புசாமியாகப் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசம் போய்ச் சந்நியாசம் பெற்ற அதே சிவானந்தர்தான். அவருடைய சீடரான கேரளத்து விஷ்ணுதேவானந்தர் 1957-இல் குருவின் சொற்படி மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டு வந்து நிறுவிய இடம் அது. சேரன்மாதேவியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நாம் எத்தனை முறை பத்தமடை வழியாகப் போயிருப்போம்! ஒருநாளாவது இறங்கி, அவர் யார், என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று அங்கே முதல் நாள் இரவு படுத்திருந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தியானமும் பஜனையும், எட்டு மணிக்கு ஆசனம், பத்து மணிக்கு முதல் உணவு. மாலை நான்கு மணிக்கு மீண்டும் ஆசனம், ஆறு மணிக்கு இரண்டாவது உணவு. வெங்காயம், பூண்டு, காப்பி எதுவும் கிடையாது. காப்பி இல்லாமல் முதல் மூன்று நாள் தலை வலித்தது, பிறகு சரியாகிவிட்டது.

எனக்குக் கற்பித்தவர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட, அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மையார். 'கஜானனம்' என்ற விநாயகர் துதியைச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார். சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம் என்று வரிசையாகப் பன்னிரண்டு ஆசனங்கள். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதைக் கேட்டறிந்தவுடன், தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் மூச்சை உள்ளே நிறுத்துவதும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் நான்கு எண்ணிக்கையில் மூச்சை இழுத்து, பதினாறு எண்ணிக்கை நிறுத்தி, எட்டில் வெளிவிடும்போது, நான் நிறுத்தாமல் இட மூக்கும் வல மூக்குமாக மாற்றி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கண்டிப்பில்தான் அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது ஆசனங்களைப் பற்றி அல்ல, ஆசனங்களுக்கு இடையில் உடலைத் தளர்த்தி மல்லாந்து சவாசனத்தில் படுத்திருக்கும் அந்த ஓரிரு நிமிடங்களைப் பற்றி. யோகம் என்றால் உடலை வளைப்பது என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். நான்காம் நாள், கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, அவர் அருகில் வந்து அமர்ந்து, என் பிடரிக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து, "இங்கே நீங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்" என்று மிக மெல்லிய குரலில் சொன்னார். பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன! தலையின் பாரத்தைத் தரையில் விடாமல் நானே தாங்கிக்கொண்டிருந்தேன் என்பது அந்த விரல்கள் பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை விட்டபோது என்னையறியாமல் கண்ணீர் வழிந்தது. உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நீயும் என்னைப் போலத்தான் எதையும் கீழே இறக்கி வைக்காமல் சுமக்கிறவன். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நேரில் தொட்டுத் திருத்தும் ஓர் ஆசிரியரிடம் போ. கைப்பேசியில் பார்த்து முதுகை வளைக்காதே.

ஆசிரமத்துக் குன்றின்மேல் சுப்பிரமணியரும் ஐயப்பனும் கோயில் கொண்டிருக்கிறார்கள். கோடையில் ஈழத்தமிழர்கள் காவடி எடுத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போய்க் கும்பிட்டேன்.

கடைசியாக ஓர் உதவி. பத்தமடை எனக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னதும் அந்த அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் நெய்வார்கள் என்று சொன்னேன். அதில் ஒருநாளாவது படுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மருமகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். நெய்கிறவர்கள் வீட்டுக்கே போய் ஒரு பாய் வாங்கி அவரிடம் கொடுத்தனுப்பு. மெல்லிய பட்டுப்பாய் வேண்டாம், தினமும் விரித்துச் சுருட்டத் தாங்குவதாக இருக்கட்டும். அந்த அம்மையார் நல்ல உயரம். ஆறடிக்குக் குறையாமல் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் நண்பன்