செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் இயங்கிவரும் நமது ஊர் நலச் சங்கத்தின் ஓராண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்தன. படிப்பகக் கூரையின் ஒழுகல் அடைக்கப்பட்டது.

இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்த பணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் சங்க வேலையை விட்டுவிட்டுத் தேர்தல் வேலை பார்க்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலன்று, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர், மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, விடியற்காலை வண்டியில் மலையேறினார். கையில் வாக்காளர் அட்டை இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. வீடு மாறியவர் என்று நீக்கியிருந்தார்கள். அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்கவும் சட்டத்தில் வழியில்லை. மதியம் வரை வாக்குச்சாவடி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று இதே அறையில் பேசியவர்களில் நானும் ஒருவன். அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். அப்போது முதல் ஓட்டுப் போட்ட நம்மில் பலர் இங்கேயே தேயிலை பறித்தோம், இங்கேயே குடியிருந்தோம். இன்று 18 வயதில் பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள்.

நவம்பரில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாமின்போது நல்ல மழை. எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, வயது 19, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கரண்ட் பில் எஸ்டேட் பெயரில். ஆதாரில் மில் விடுதி முகவரி. ரேஷன் கார்டு அந்தப் படிவத்தின் முகவரிச் சான்றுகளில் இல்லை. ஏற்கெனவே அதே முகவரியில் வாக்காளராக உள்ள தாய் அல்லது தந்தையின் சான்று போதும் என்ற விதியைத் தேடிப் படித்து, அவள் அம்மாவின் தபால் நிலையப் பாஸ்புக் நகலை இணைத்தோம். ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இப்படி 31 விண்ணப்பம் கொடுத்தோம், 26 பெயர் ஏறியது.

இதற்குச் செயற்குழுவிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். ஐந்து கூட்டங்களில் இரண்டு, ஆள் சேராமல் ஒத்திவைக்கப்பட்டன. சந்தா பாக்கி பாதிக்கு மேல். ஜெராக்ஸ் செலவைக் கேட்டவர்கள் ரசீதுகளைப் பார்க்கலாம். என் கைப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சுமார்தான்.

படிப்பகத்தைத் திறந்துவிட்ட காவலாளிக்கும், விண்ணப்பங்களைப் பொறுமையாகச் சரிபார்த்த வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

2026-ல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே பார்க்க வேண்டும். குடிமாறியிருந்தால் படிவம் 8. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் விடுதி முகவரியிலோ வீட்டு முகவரியிலோ சேரலாம், இரண்டிலும் கூடாது. 17 வயது நிறைந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

இந்த வேலைக்குத் தெருவுக்கு ஓர் இளைஞர் வேண்டும். கேட்டேன். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஆனால் நமது விதிப்படி உறுப்பினராக 25 வயது ஆக வேண்டும். நாட்டுக்கு 18 போதும் என்றான பிறகும் நாம் அதைத் திருத்தவில்லை. திருத்தத் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக இருக்கிறது. தேநீர் முடிந்ததும் கிளம்பிவிடாமல், அதுவரை இருந்து கைதூக்கிவிட்டுப் போகும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்து பேரும் வெளியே திண்ணையில் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்